பி.கே.யூ. மரபணுத் திரிபைத் தரம் பிரிக்கும் முறை

மச்சாளின் மகனுக்கு இரத்தத்தில் பீனைல்அலனின் என்ற அமினோ அமிலம் கூடியிருந்தது. அதை உடலால் உடைக்க முடியாத பரம்பரை நோய்தான் பி.கே.யூ. திருகோணமலையிலிருந்து வெளியே அனுப்பிய மாதிரிக்கு வந்த அறிக்கையில் ஒரே வரி: "12ஆம் குரோமோசோம், 103234271, ஜீ>ஏ, இரு பிரதிகளிலும்." இது நோய் தருமா என்று எழுதவில்லை. உப்புவெளி வீட்டில் இருந்து நானே தேடினேன்.

முதலில் திரிபின் பெயரைச் சரியாக்குங்கள். இதிலேயே எனக்கு இரண்டு இரவு போனது. மக்களிடையே எந்தத் திரிபு எவ்வளவு காணப்படுகிறது என்று காட்டும் நோமாட் தளத்தின் நான்காம் பதிப்பில் அந்த இலக்கத்தைப் போட்டால், பீனைல்அலனினை உடைக்கும் நொதிக்கான பி.ஏ.எச். மரபணுவுக்கு வெளியே எங்கோ போய் நிற்கிறது. காரணம், அறிக்கை மனித மரபணுத்தொகுதியின் பழைய ஜீ.ஆர்.சி.எச். 37 வரைபடத்தில் இருந்தது, தளம் 38இல். புதிய இலக்கம் 102840493. அது சரியான பிறகும் எழுத்து பொருந்தவில்லை. பி.ஏ.எச். எதிர் இழையில் வாசிக்கப்படும் மரபணு. ஆகவே குரோமோசோமில் ஜீ>ஏ என்றால் மரபணுவில் சி>ரீ. 1222ஆம் இடத்தில் சி ரீயாகி, 408ஆவது ஆர்ஜினின் டிரிப்டோபானாகிறது. கையால் மாற்றிப் பார்க்காதீர்கள். திரிபின் பெயரைச் சரிபார்க்கும் வேரியண்ட் வலிடேட்டர் தளத்தில் போடுங்கள், நான் வேறெதையும் நம்புவதில்லை.

அப்புறம் கிளின்வார், திரிபு நோய் தருமா என்ற தீர்ப்புகளைச் சேர்த்து வைக்கும் தளம். தீர்ப்பைவிட நட்சத்திரங்களைப் பாருங்கள். மூன்று என்றால் நிபுணர் குழு பார்த்தது. இந்தத் திரிபு அப்படிப் பார்க்கப்பட்டு, நோய் தருவதென்று பதிவாகியிருக்கிறது.

பதிவு இல்லாத திரிபென்றால் அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரியான ஏ.சி.எம்.ஜீ.யின் 2015ஆம் ஆண்டு விதிகளின்படி சான்றுகளைச் சேர்க்க வேண்டும். மக்கள் தொகையில் 5 சதவீதத்துக்கு மேல் காணப்பட்டால் பெரும்பாலும் தீங்கற்றது. நோமாட்டில் தெற்காசியர் நிரலையும் தவறாமல் பாருங்கள். திரிபு தீங்கானதா என்று கணிக்கும் மென்பொருள்கள் எத்தனை ஒத்துப்போனாலும் அந்த விதிகளில் அது ஒரேயொரு துணைச் சான்றுதான். அவற்றில் நான் ரெவெல் மட்டும் பார்ப்பேன்.

நோய் அறிகுறியைச் சான்றாகச் சேர்க்குமுன் ஒன்றைக் கேளுங்கள்: பீனைல்அலனினை உடைக்கும் நொதிக்குத் துணையாக வேண்டிய பி.எச்.4 என்ற பொருளில் குறைபாடு இல்லையென்று பரிசோதித்தார்களா? அதிலும் பீனைல்அலனின் கூடும், ஆனால் கோளாறு வேறு மரபணுவில் இருக்கும். மருந்தும் வேறு. பிள்ளையின் டொக்டரிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

பிற்சேர்க்கை: இரண்டு வெவ்வேறு திரிபுகள் வந்தால் என்ன செய்வது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். தாய், தகப்பன் இருவரையும் பரிசோதியுங்கள். ஆளுக்கொன்று என்றால் பிள்ளையின் இரண்டு பிரதிகளும் பழுது. இரண்டும் ஒருவரிடமிருந்தே வந்திருந்தால் மற்றப் பிரதி நல்லதாக இருக்கலாம். அப்போது காரணத்தை மறுபடி தேட வேண்டும்.