கூலிமில் வீட்டைக் காலி செய்கிறீர்களா? அந்தக் கடைசித் தாளைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் இருக்கும் கூலிம் ஹைடெக் பார்க் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்து ஊரிலிருந்து வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 510 வெள்ளி போன எரிச்சலில் எழுதுவதால் கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும். வெள்ளி என்றால் ரிங்கிட். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தமிழர் யாரும் இங்கே ரிங்கிட் என்று சொல்லி நான் கேட்டதில்லை, நீங்களும் இரண்டு மாதத்தில் மாறிவிடுவீர்கள்.

வீடு பிடிக்கிற கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வழக்கமாக இரண்டு மாத வாடகை டெபாசிட், கரண்டு தண்ணீருக்கு அரை மாதம், முதல் மாத வாடகை முன்கூட்டியே. என் வீட்டுக்கு வாடகை 1,100, ஆக சாவி கைக்கு வருவதற்குள் 3,850 எண்ணி வைத்தேன். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவனுக்கு இது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. (மூன்று மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று தமிழ்நாட்டில் 2017இலேயே சட்டம் போட்டாகிவிட்டது. சட்டம் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது, பத்து மாதம் வீட்டுக்காரர் வாயில் இருக்கிறது.) ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டியிருக்கிறதா என்று கேட்டு, கட்டிய சான்றின் பிரதியை வாங்கி வையுங்கள். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நாளைக்கு நீதிமன்றத்தில் நீட்ட முடியாது. ஏஜெண்டிடம் ரென் (REN) எண், அதாவது பதிவு பெற்ற வீட்டு ஏஜெண்டுக்கான எண், இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லாதவர் வெறும் தரகர். அவ்வளவுதான், மற்றதெல்லாம் உங்கள் கம்பெனி எச்ஆரே சொல்லிவிடுவார்.

இனி மாட்டிக்கொண்ட கதை.

நம் ஊரில் வீட்டைக் காலி செய்தால் ஒரு மாத வாடகையைப் பெயிண்டுக்கு என்று பிடித்துக்கொள்வார்கள். சுவர் பளபளவென்று இருந்தாலும் பிடிப்பார்கள், நாமும் வாய் பேசாமல் மீதியை வாங்கிக்கொண்டு வருவோம். அந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறிக் கிடக்கிறது. இங்கே அப்படி ஒரு வழக்கம் கிடையாது. பெரும்பாலான ஒப்பந்தங்களில் 'ஃபேர் வேர் அண்ட் டேர்' நீங்கலாக என்று ஒரு வரி இருக்கும். மனிதர் குடியிருந்தால் இயல்பாக ஏற்படும் தேய்மானத்துக்குக் காசு பிடிக்கக் கூடாது என்று அர்த்தம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இரண்டு வருடம் முடிந்து, அதே தாமானில் (குடியிருப்பில்) நாலு தெரு தள்ளி இன்னொரு வீட்டுக்கு மாறினேன். வீட்டுக்காரர் இருப்பது பினாங்கில். சாவி வாங்க ஏஜெண்டுதான் வந்தார், நம் தமிழர், நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன், தீபாவளிக்கு முறுக்கு கொடுத்து அனுப்பியிருக்கிறேன். ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஆகிவிட்டது, வெளியே லோரி நிற்கிறது, உள்ளே என் மனைவி பாத்திர மூட்டையோடு நிற்கிறாள். மனிதர் வீட்டைச் சுற்றி ஒரு நடை போனார், "எல்லாம் ஓக்கே லா தம்பி" என்றார், காடியின், அதாவது காரின், பானட் மேல் ஒரு தாளை வைத்து, "சாவி வாங்கிக்கிட்டோம்னு ஒரு சைன், அவ்ளோதான்" என்றார். போட்டேன்.

முழுக்க மலாயில் இருந்த அந்தத் தாளைப் பல நாள் கழித்து உட்கார்ந்து படித்தேன். நாலாவது வரியில் 'கோஸ் பெம்பர்சிஹான்', அதாவது சுத்தம் செய்யும் செலவு. பக்கத்தில் ரி.ம. (மலேசிய ரிங்கிட்) என்று போட்டு ஒரு புள்ளிக் கோடு. அதற்குக் கீழே, மேற்படி தொகையை டெபாசிட்டிலிருந்து கழித்துக்கொள்ள வாடகைதாரர் சம்மதிக்கிறார் என்று ஒரு வாக்கியம், அதற்குக் கீழே என் கையெழுத்து. நான் கையெழுத்துப் போட்டபோது அந்தப் புள்ளிக் கோட்டின் மேல் எதுவும் இல்லை. வாட்ஸாப்பில் எனக்கு வந்த பிரதியில் 780 என்று நீல மையில் எழுதியிருந்தது. என் கையெழுத்து கறுப்பு மை.

780க்குக் கணக்கு கேட்டேன். அடுப்படி எண்ணெய்க் கறை எடுக்க 450, சாமி மூலையில் சுவரும் கூரையும் பெயிண்ட் அடிக்க 330.

இதில் பாதியை நான் ஒத்துக்கொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமை தவறாமல் சூடம் கொளுத்துகிறவன் நான். ஊரை விட்டு வந்த பிறகு பக்தி கூடிவிட்டதா, இல்லை அந்த வாசனைக்காகவே கொளுத்தினேனா என்று எனக்கே தெரியாது. இரண்டு வருடத்தில் அந்த மூலைக்கு மேல் கூரையில் ஒரு தட்டு அகலத்துக்குக் கரி படிந்துவிட்டது. இது தேய்மானக் கணக்கில் வராது. நிலைப்படியில் வைத்த குங்குமமும் அப்படித்தான், வெள்ளைப் பெயிண்டில் இறங்கிவிட்டால் துணி வைத்துத் துடைத்துப் போகாது. காலி செய்ய ஒரு வாரம் முன்னால் ஒரு சின்ன டின் பெயிண்ட் வாங்கி நானே அடித்திருந்தால் முப்பது நாற்பது வெள்ளியில் முடிந்திருக்கும். சோம்பேறித்தனத்துக்கு 330 கட்டினேன், அதில் எனக்கு வழக்கு இல்லை.

ஆனால் அடுப்படிக் கறை என்னுடையது இல்லை. நாங்கள் குடி வந்தபோதே அடுப்புக்குப் பின்னால் சுவரில் பதித்த ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில் பழுப்பாகப் படிந்து கிடந்தது. குடி வந்த அன்று போனில் வீடியோ எடுத்தேன், எடுத்து என் போனிலேயே வைத்துக்கொண்டேன், யாருக்கும் அனுப்பவில்லை. அந்தப் போன் தண்ணீரில் விழுந்து செத்தே ஒரு வருடம் ஆகிறது.

எனக்காகப் பேசியவர் பக்கத்து வீட்டு ஆண்ட்டி ஒருவர்தான். முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவர், தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது வெளியே வந்தவர். காலையில் என்னைப் பார்த்தால் "தம்பி பசியாறியாச்சா" என்று கேட்காமல் விடமாட்டார். விஷயத்தைச் சொன்னதும், "அந்த எண்ணெ நீ வர்றதுக்கு முந்தியே இருந்திச்சே, முன்ன இருந்த பசங்க ராப்பகலா மீன் பொரிச்சானுங்க, எங்க வீட்டுத் துணியெல்லாம் நாறும்" என்றார். எழுதித் தருகிறேன் என்று அவரே சொன்னார். அப்புறம் சிரித்துக்கொண்டே, "தோட்டத்து லய வீட்டுல எங்களுக்கு டெபாசிட்டே கிடையாது தம்பி. வேலை போச்சுன்னா வீடும் போச்சு, கணக்கு சுலபம்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டு வாடகைக்கென்று தனிச் சட்டம் வரப்போகிறது என்று இங்கே பல வருடமாகச் சொல்கிறார்கள், நான் எழுதுகிற வரை வந்தபாடில்லை. ஆகவே முக்கியமாக உங்கள் ஒப்பந்தமும் 1950ஆம் வருட ஒப்பந்தச் சட்டமும்தான் கையில் இருப்பவை. பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போ என்று எனக்கு நாலு பேர் சொன்னார்கள். அது பொருளோ சேவையோ வாங்கி ஏமாந்தவர்களுக்கான இடம், வீட்டு டெபாசிட்டுக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவுதான் சரி. அங்கே 5,000 வெள்ளி வரை கேட்கலாம், போராங் 198 என்ற படிவத்தை நிரப்பித் தர வேண்டும், வக்கீல் வேண்டாம், நீங்களே நின்று பேசலாம். எல்லாம் மலாயில் நடக்கும் என்பதால் ஆபீஸில் மலாய் தெரிந்த ஒருவரைப் பிடித்துப் படிவத்தை எழுதுங்கள்.

நான் அங்கே வரை போகவில்லை. ஏஜெண்டை விட்டுவிட்டு வீட்டுக்காரருக்கே நேராக ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். தேதி, கழித்த தொகை, அடுப்படிக் கறை முன்பே இருந்தது என்று ஆண்ட்டி எழுதித் தந்தது, 450க்கு ரசீது அனுப்பச் சொல்லி ஒரு வரி, 14 நாளில் பதில் வராவிட்டால் போராங் 198 போடுவேன் என்று ஒரு வரி. வாட்ஸாப்பில் அனுப்பினேன், தபாலிலும் பதிவு செய்து அனுப்பினேன். நான் இந்தியாவுக்கே திரும்பிவிட்டேன் என்று அந்த மனிதர் நினைத்துக்கொண்டிருந்தார் என்பது போனில் பேசியபோதுதான் தெரிந்தது. வேலை முடிந்து ஊருக்குக் கிளம்புகிறவனா வழக்குப் போடப்போகிறான் என்ற தைரியத்தில்தான் பலருடைய டெபாசிட் இங்கே கரைகிறது. ரசீது வந்தது. சுத்தம் செய்த அம்மாவுக்குக் கொடுத்தது 180. மீதி 270 எங்கே போனது என்று வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை, அண்ணன் அதற்குப் பிறகு என் போனை எடுப்பதில்லை. 270ஐ வீட்டுக்காரர் அனுப்பிவிட்டார். 180க்கும் சண்டை போட்டிருக்கலாம். ஆனால் அந்தத் தாளில் கையெழுத்து என்னுடையது.

ஆகவே சாவி கொடுக்கப் பகலில் போங்கள், கரண்டும் தண்ணீரும் வெட்டுவதற்கு முன்னால். லோரியை முந்தின நாளே அனுப்பிவிடுங்கள், அவசரத்தில் நிற்கிறவனிடம்தான் தாளை நீட்டுவார்கள். காலியாக ஒரு கோடு இருந்தால் அதில் 'தியாடா' என்று எழுதச் சொல்லுங்கள், மலாயில் 'இல்லை' என்று அர்த்தம். அல்லது தொகையைப் போடச் சொல்லுங்கள். இரண்டும் மாட்டேன் என்றால் சாவியைக் கொடுத்துவிட்டு, கொடுத்த நேரத்தை வீட்டுக்காரருக்கே மெசேஜில் அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள், தாள் கிடக்கட்டும். ஏர்கான் சர்வீஸ் ரசீதுகளைத் தூக்கி எறியாதீர்கள், அதையும் கடைசியில் கேட்பார்கள். குடி போகும்போது எடுக்கிற வீடியோவை அன்றைக்கே வீட்டுக்காரர் நம்பருக்கு அனுப்புங்கள்.

புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று வீட்டுக்கார அம்மாவையும் வரச் சொன்னேன். அடுப்படியில் மூன்றாவது வரிசையில் விரிசல் விட்ட ஓட்டைக் காட்டி, அவர் கையாலேயே ஒரு தாளில் எழுதி வாங்கினேன். "என்ன தம்பி, இப்பவே போலீஸ் ரிப்போர்ட்டா?" என்றார். ஆண்ட்டியும் வந்திருந்தார். பாலைக் குடித்துக்கொண்டே சாமி மூலைக்கு மேலே நிமிர்ந்து பார்த்துவிட்டு, சூடத்தை வெளியே துளசிச் செடிப் பக்கம் வைத்துக் கொளுத்தச் சொன்னார்.