பழைய கேசட்டைக் கணினிக்கு மாற்றும் முன் நாடாவில் முடிக்க வேண்டிய வேலைகள்

பரணில் கிடக்கும் கேசட்டுகளை முதலில் இரண்டாகப் பிரியுங்கள். கடையில் வாங்கிய சினிமாப் பாட்டுக் கேசட்டுகளில் பெரும்பாலானவை வேறு வடிவில் கிடைத்துவிடும், அவற்றுக்கு அவசரமில்லை. அவசரமெல்லாம் வீட்டில் பதிந்தவற்றுக்குத்தான். கோயில் திருவிழாக் கச்சேரி, விடிய விடிய நடந்த கூத்து, இலங்கை வானொலியிலிருந்து பிடித்த நிகழ்ச்சி, பாட்டி பாடிய தாலாட்டு, ஊரில் பாடிய ஒப்பாரி. இவற்றுக்கு வேறெங்கும் பிரதி கிடையாது. அந்தக் குவியலை எடுத்து முன்னால் வையுங்கள்.

எப்படியாவது கணினிக்குள் ஏற்றிவிட்டால் பிறகு மென்பொருளில் சுத்தம் செய்துகொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது நடக்காது. ஓடும்போது ஹெட், அதாவது நாடாவைத் தொட்டு ஒலியைப் படிக்கும் சிறு காந்த முனை, படிக்காமல் விட்ட ஒலியை எந்த மென்பொருளாலும் திருப்பித் தர முடியாது. பத்தில் எட்டுப் பங்கு வேலை பதிவுப் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே இருக்கிறது.

எதில் ஓட்டுவது

யூஎஸ்பி கம்பியோடு விற்கும் மலிவான கையடக்க பிளேயரை வாங்க வேண்டாம். மோட்டாரின் வேகம் நிலையாக நிற்காது, வீணையின் நீண்ட நாதம் நடுங்கும். ஒரு நல்ல பழைய டெக் (ஸ்டீரியோ செட்டோடு இணைத்துக் கேசட் போடும் பெட்டி) கிடைத்தால் அதைச் செப்பனிட்டு வைத்துக்கொள்வதே மேல். முதலில் பார்க்க வேண்டியது பெல்ட். பல ஆண்டு சும்மா கிடந்த டெக்கில் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும், சிலவற்றில் உருகித் தாராகவே ஒட்டியிருக்கும். புது பெல்ட் போடாமல் கேசட்டை உள்ளே வைத்தால், நாடாவைச் சுருட்ட வேண்டிய பக்கம் சுற்றாமல் நிற்க, வெளியே வரும் நாடா ரப்பர் உருளையில் போய்ச் சுற்றிக்கொள்ளும். டெக் நாடாவைத் 'தின்பது' பெரும்பாலும் இதனால்தான். அதனால் எந்த டெக்கிலும் முதலில் இழந்தாலும் பரவாயில்லை என்ற ஒரு கேசட்டை முழுதாக ஓட்டிப் பாருங்கள்.

இரண்டு பக்கமும் தானாகத் திரும்பி ஓடும் டெக்கும், ஒரு பக்கம் மட்டுமே ஓடும் டெக்கும் கிடைத்தால் இரண்டாவதை எடுங்கள். தானாகத் திரும்புவதில் ஹெட்டின் கோணம் நிலையாக நிற்பது அபூர்வம்.

சுத்தம் செய்ய 99 சத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பஞ்சுக் குச்சியும் போதும். ஹெட்டையும் நாடாவை இழுக்கும் மெல்லிய உலோகத் தண்டையும் துடையுங்கள். பஞ்சில் பழுப்புக் கறை வரும். அது பழைய நாடாக்களிலிருந்து உதிர்ந்த காந்தப் பூச்சு. கறை வராத வரை பஞ்சை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். ரப்பர் உருளைக்கு ஆல்கஹாலை அதிகம் காட்டினால் ரப்பர் விறைத்துவிடும். அதற்குச் சோப்புத் தண்ணீர் தொட்ட துணி, பிறகு வெறும் ஈரத்துணி, பிறகு உலர்ந்த துணி. ஐந்தாறு கேசட்டுக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்யுங்கள். பூச்சு உதிரும் கேசட்டாக இருந்தால் ஒவ்வொரு பக்கத்துக்கும் செய்ய வேண்டியிருக்கும்.

கேசட்டின் உடம்பு

ஓட்டும் முன் கேசட்டின் மேல் விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் தாழ்களையும் உடைத்துவிடுங்கள். அவை போய்விட்டால் தவறி ரெக்கார்ட் பொத்தானை அழுத்தினாலும் பதியாது.

பிறகு வெளிச்சத்தில் பிடித்து, நாடா தெரியும் திறப்பைப் பாருங்கள். நடுவில் சின்னச் செம்புத் தகட்டின் மேல் ஒரு கம்பளித் துண்டு இருக்கிறதா? அதுதான் நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் பேட். பசை காய்ந்து அது விழுந்திருந்தால் ஒலி மங்கி, ஒரு காது வந்து வந்து போகும். வேண்டாத கேசட் ஒன்றைத் திறந்து தகட்டோடு எடுத்து மாற்றிவிடலாம்.

ஐந்து திருகாணி உள்ள கேசட்டானால் திறப்பது சுலபம். மேசையில் படுக்க வைத்துத் திருகாணிகளைக் கழற்றி, மேல் பக்க மூடியை நேராக மேலே தூக்குங்கள். உள்ளே நாடாவின் மேலும் கீழும் ஒவ்வொரு வழவழப்பான தாள், மூலைக்கு ஒன்றாக இரண்டு சிறு உருளைகள், பேட்டுக்குப் பின்னால் ஒரு உலோகத் தகடு. எதையும் நகர்த்துமுன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்; உருளை உருண்டு ஓடிவிட்டால் எங்கே இருந்தது என்பது மறந்துபோகும். திருகாணி இல்லாமல் ஒட்டிய கேசட்டில் ஓட்டின் இணைப்பை மெல்லிய கத்தியால் பிளந்து, நாடாவைத் திருகாணி வைத்த வெற்றுக் கேசட்டுக்கு மாற்ற வேண்டும்.

அறுந்த நாடாவை ஒட்டச் செல்லோடேப் ஆகாது. அதன் பசை கசிந்து அடுத்த சுற்றுகளையும் ஒட்ட வைக்கும், ஹெட்டிலும் ஏறும். நாடா ஒட்டுவதற்கென்றே உள்ள டேப்பை வாங்குங்கள். கேசட் நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர், ஒட்டும் டேப் அதைவிட ஒரு மயிரிழை குறைவாக இருக்க வேண்டும். இரு முனைகளையும் சேர்த்து வைத்துச் சாய்வாக ஒரே வெட்டாக வெட்டி, இடைவெளியோ மேலேறலோ இல்லாமல் சேர்த்து, ஹெட்டைத் தொடாத உள்பக்கத்தில் ஒட்டுங்கள்.

பூஞ்சை நம் கடற்கரை ஊர்களில் பெரிய தொல்லை. சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடியோ நூல் போன்ற படிவோ தெரிந்தால் அந்தக் கேசட்டை ஓட்டாதீர்கள், மற்றவற்றோடும் வைக்காதீர்கள். வெயிலில் காய வைக்கும் பழக்கம் இங்கே வேண்டாம், சூட்டில் ஓடு வளைந்து நாடாவும் உருக்குலையும். மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இரண்டு மூன்று வாரம் வையுங்கள். பூஞ்சை உலர்ந்து பொடியாகும். பிறகு என்95 முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே, நாடாவை மெல்லிய உலர்ந்த துணிக்கு நடுவே விட்டு மெதுவாகச் சுற்றித் துடைக்க வேண்டும்.

எல்லாம் சரியானபின் முதலில் ஒலி கேட்காமலே ஒரு முறை கடைசி வரை முன்னோட்டி, திரும்ப ரிவைண்ட் செய்யுங்கள். பல ஆண்டு ஒரே இறுக்கத்தில் கிடந்த சுருள் தளர்ந்து சீராகும். சி-60 (இரு பக்கமும் சேர்த்து 60 நிமிடம் ஓடுவது) நாடாவின் தடிமன் சுமார் 18 மைக்ரான், சி-90 சுமார் 12, சி-120 வெறும் 9. சி-120ஐ வேகமாக ஓட்டாதீர்கள், பென்சிலைச் செருகிக் கையால் சுற்றுங்கள். நீண்டுபோன நாடாவுக்கு மருந்தில்லை.

ஹெட்டின் கோணம்

இந்த ஒன்றை மட்டும் செய்தாலே பாதி வெற்றி, ஆனால் பெரும்பாலானோர் தாண்டிப் போவதும் இதைத்தான். கேசட் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில்தான் ஓடுகிறது. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை நாடாவில் பிடிக்கும் இடம் 5 மைக்ரானுக்கும் குறைவு. பதிந்த டேப் ரெக்கார்டரின் ஹெட் நின்ற சாய்வும் உங்கள் டெக்கின் ஹெட் நிற்கும் சாய்வும் ஒரு துளி மாறினாலும் அந்த அலைகள் அழிந்து ஒலி கம்பளிக்குள் இருந்து வருவது போலாகும். கேசட் பழசாகிவிட்டது என்று தூக்கிப் போடப்பட்ட பலவற்றின் உண்மையான கோளாறு இதுதான்.

ஹெட்டின் ஓரத்தில் ஒரு சிறு திருகாணி இருக்கும். பல டெக்குகளில் அதன் கீழே ஸ்பிரிங்கும், தலையில் ஒரு சொட்டு வண்ணமும் தெரியும். முதலில் அது இருந்த நிலையை நுனிப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். கேசட்டை ஓட விட்டு, காந்தம் ஏறாத சிறு திருப்புளியால் எட்டில் ஒரு பங்கு திருப்பத்துக்குமேல் போகாமல் இரு பக்கமும் அசையுங்கள். முதல் சுற்றில் ஒரு காதை மட்டும் கேட்டு, ஒலி எங்கே அதிகம் பளிச்சென்று வருகிறது என்று பாருங்கள். அடுத்து இரண்டு சேனலையும் ஒன்றாகக் கலந்து மோனோவில் கேளுங்கள். கணினியின் ஒலி அமைப்புகளிலேயே மோனோவாகக் கேட்கும் வசதி உண்டு. கோணம் பிசகியிருந்தால் இரு சேனல்களின் மேல் ஒலிகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். சரியான இடத்தில் சட்டென்று திரை விலகும்.

எதைக் கேட்பது? குரலில் 'ஸ', 'ச' ஒலிகள், ஜால்ரா, கஞ்சிராவின் சலங்கைக் காசுகள், தம்புராவின் ஜீவா. மிருதங்கத்தின் தொப்பியை வைத்துக் கோணம் பார்க்க முடியாது, அது கீழ் ஒலி. பொய்யான சிறு உச்சங்களும் வரும். எல்லாவற்றிலும் பளிச்சென்று நிற்பதே உண்மையான இடம். பக்கம் ஏ சரியானதால் பக்கம் பியும் சரி என்று விடாதீர்கள், தனியே பார்க்க வேண்டும்.

நாடா இரைச்சலைக் குறைக்கும் டால்பி பொத்தான் பற்றி ஒரே வார்த்தை: கேசட்டில் டால்பி முத்திரை இருந்தால் மட்டுமே போடுங்கள், அதுவும் கோணத்தைச் சரிசெய்தபின். வீட்டு டூ-இன்-ஒன்னில் (ரேடியோவும் டேப்பும் சேர்ந்த பெட்டி) பதிந்த எதற்கும் அது தேவைப்படாது.

கணினிக்குள்

டெக்கின் பின்னால் உள்ள லைன் அவுட்டிலிருந்து எடுங்கள், ஹெட்ஃபோன் துளையிலிருந்து அல்ல. மடிக்கணினியின் மைக் துளை மோனோ, இரைச்சலும் அதிகம். லைன் உள்ளீடு உள்ள ஒரு யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கணினிக்குள் அனுப்பும் சிறு பெட்டி) வாங்குவதே சரி. 'ம்ம்ம்' என்ற முனகல் கேட்டால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், பல நேரம் அதிலேயே போய்விடும். விண்டோஸில் ஆடியோ மேம்பாடு, இரைச்சல் நீக்கம் என்று இருப்பதையெல்லாம் அணைத்துவிடுங்கள். அவை தம்புராவையே இரைச்சல் என்று எடுத்துவிடும்.

ஒலிப்பதிவு மென்பொருளான ஆடாசிட்டி இலவசம், இந்த வேலைக்கு அது போதும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபியை ஒட்டி வரும். 96 கிலோஹெர்ட்ஸ் என்றால் அதுபோல இரண்டு மடங்கு. தனி ஆவர்த்தனமோ கூத்தில் உச்சக் கட்டமோ எங்கே சத்தம் அதிகமோ அங்கே ஓட்டிப் பார்த்து, அளவுமானி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். கொஞ்சம் குறைந்தாலும் பாதகமில்லை, பூஜ்யத்தைத் தொட்டு உடைந்த ஒலிதான் திரும்பாது.

ஒரு பக்கம் முழுவதையும் நிறுத்தாமல் ஒரே கோப்பாகப் பதியுங்கள். சுருதி சேர்ப்பது, பேச்சு, இருமல், பிள்ளை அழுவது எதையும் வெட்டாதீர்கள். யார் பாடுகிறார், எந்த ஊர், என்ன விழா என்ற தகவல் அந்த இடைப் பேச்சில்தான் பலமுறை ஒளிந்திருக்கும்.

இந்தக் கோப்பே மூலம். இதற்குமேல் செய்யும் ஒவ்வொன்றும் நகலில்தான்.

வேகமும் இரைச்சலும்

பேட்டரி இறங்கிக்கொண்டிருந்த டேப் ரெக்கார்டரில் பதிந்திருந்தால், பதிந்தபோது நாடா மெதுவாக ஓடியிருக்கும். இப்போது சரியான வேகத்தில் ஓட்டும்போது சுருதி போகப் போக ஏறும். ஒரே மாதிரி ஏற்றமோ இறக்கமோ என்றால் வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் கருவியைப் பயன்படுத்துங்கள். தனியே சுருதியை மட்டும் மாற்றுவது தவறு, தாளமும் கூடவே பிசகியிருக்கிறது. படிப்படியாக ஏறினால் ஆடாசிட்டியில் ஸ்லைடிங் ஸ்ட்ரெச் உதவும்.

எதை வைத்து ஒப்பிடுவது என்பதே கடினமான கேள்வி. கூத்து, நாடகப் பதிவில் ஆர்மோனியம் இருந்தால் நல்லது, அதன் சுரம் நகராது. சுருதியின் அளவான கட்டையில், ஒரு கட்டைக்கும் ஒன்றரைக் கட்டைக்கும் வேகத்தில் சுமார் 6 சதவீத வித்தியாசம். பாடகரின் வழக்கமான சுருதி தெரிந்திருந்தாலும் அதை மட்டும் நம்பக் கூடாது, வயதோடு சுருதியும் இறங்கும். பதிவிலேயே மின்சார முனகல் ஏறியிருந்தால் அது 50 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்க வேண்டும். ஆனால் 90களில் தென்னிந்திய மின்கட்டமைப்பு 50க்குக் கீழே இறங்கி நிற்பது சாதாரணம் என்பதால் அதையும் ஒரு துணையாக மட்டும் கொள்ளுங்கள்.

இரைச்சல் நீக்கும்போது பேச்சோ பாட்டோ இல்லாத இரண்டு மூன்று விநாடியை மாதிரியாகக் கொடுத்து, 6 டெசிபலுக்குமேல் போகாதீர்கள். 15, 20 என்று ஏற்றினால் தண்ணீருக்குள் மணி அடிப்பது போன்ற ஓசை வரும், கமகத்தின் நுனிகளும் போய்விடும். நாடாவின் சன்ன இரைச்சலைக் காது ஐந்து நிமிடத்தில் மறந்துவிடும், அந்த மணியோசையை மறக்காது. மோனோ ரெக்கார்டரில் பதிந்தவை என்றால் இரு சேனலையும் ஒன்றாக்கினாலே இரைச்சல் சுமார் 3 டெசிபல் இறங்கும். ஒரு சேனல் தேய்ந்திருந்தால் நல்லதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மூலக் கோப்பை ஃபிளாக் வடிவில் சேமித்தால் இடம் குறையும், ஒலியில் ஒன்றும் போகாது. உறவினருக்கு அனுப்ப எம்பி3 போதும். வாட்ஸாப்பில் அனுப்பும்போது ஆவணமாக அனுப்புங்கள். கோப்பின் பெயரில் ஆண்டு, ஊர், பாடியவர், பக்கம் நான்கும் இருக்கட்டும். கேசட் அட்டையின் இருபுறத்தையும் படமெடுத்து அதே கோப்புறையில் போடுங்கள், பால்பாயிண்ட் பேனா எழுத்து மங்கிக்கொண்டே போகிறது. இரண்டு வெவ்வேறு வன்தட்டு, அவற்றில் ஒன்று வேறொரு வீட்டில், கூடவே இணையத்தில் ஒரு நகல்.

கேசட்டைத் தூக்கி எறியாதீர்கள். அடுத்து இதைவிட நல்ல டெக் கிடைக்கலாம். கடைசி வரை ஓட்டி ஒரு பக்கமாகச் சுருட்டி, பெட்டியில் நிமிர்த்தி நிறுத்தி, ஸ்பீக்கரிலிருந்து தள்ளி, சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள்.