சாதனம் மாறியது, பழக்கம் மாறவில்லை: தகவல் சேமிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூர் பனியன் கம்பெனியின் பேட்டர்ன் கோப்புகளும், கோவைப் பட்டறையின் சி.என்.சி. புரோகிராம்களும், ஈரோட்டு மஞ்சள் மண்டியின் டேலி கணக்குகளும் பல இடங்களில் ஒரே கணினிக்குள்தான் இருக்கின்றன. அவை தொலையும்போது பழி கருவியின் மேல் விழுகிறது. ஆனால், பழைய சாதனத்தில் பழகிய வழக்கத்தைப் புதிய சாதனத்திலும் தொடர்வதே பெரும்பாலான இழப்புகளுக்குக் காரணம்.

கணினி வேலை செய்யும்போது தற்காலிகமாகப் பயன்படுத்தும் நினைவகமான ரேமையும், தகவலை நிலையாக வைத்திருக்கும் சேமிப்பகத்தையும் ஒன்றெனக் கருதுவது அவற்றுள் மிகப் பழைய குழப்பம். 1950களில் பரவிய காந்த வளைய நினைவகம் மின்சாரம் நின்றாலும் தகவலைத் தக்கவைத்துக்கொண்டது. 1970இல் வந்த இன்டெல் 1103 சில்லுடன் சந்தையைப் பிடித்த, இன்றைய கணினிகளின் ரேமாக உள்ள டிரேம் அப்படியன்று. அதன் நுண்ணிய மின்தேக்கிகளில் உள்ள மின்னூட்டம் கசிந்துகொண்டே இருப்பதால், அதை நொடிக்குப் பலமுறை புதுப்பிக்க வேண்டும். எனவே மின்வெட்டின்போது சேமிக்காத பில் போய்விடும். சேமித்த கோப்புங்கூடச் சிறிது நேரம் ரேமிலேயே காத்திருக்கக்கூடும் என்பதால், பென்டிரைவை முறைப்படி வெளியேற்றாமல் பிடுங்குவதும், கணக்குக் கணினிக்கு யூ.பி.எஸ். வைக்காமல் இருப்பதும் தவறு.

ஹார்டு டிஸ்க்கிலிருந்து, சுழலும் பாகங்களற்ற எஸ்.எஸ்.டி.க்கு மாறியவர்கள் செய்யும் தவறு இதைவிடப் பெரியது. 1956இல் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் வட்டு இயக்ககம் 50 தட்டுகளில் 50 லட்சம் எழுத்துகளைத் தாங்கியது. இன்றைய ஹார்டு டிஸ்க்கும் சுழலும் காந்தத் தட்டில்தான் எழுதுகிறது. அதில் ஒரு கோப்பை அழித்தால் பொதுவாக அதன் முகவரிக் குறிப்பு மட்டுமே நீங்கும். வேறொன்று அந்த இடத்தில் எழுதப்படும்வரை தகவல் அங்கேயே கிடப்பதால்தான் மீட்டெடுக்க முடிகிறது. எஸ்.எஸ்.டி.யிலோ, டிரிம் என்னும் கட்டளையின் மூலம் எந்தப் பகுதிகள் இனித் தேவையில்லை என்று இயங்குதளம் தெரிவித்துவிட, இயக்ககம் அவற்றைத் தானே துடைத்துவிடுகிறது. அழிந்தாலும் கடையில் கொடுத்து எடுத்துவிடலாம் என்ற நம்பிக்கை இங்கே பெரும்பாலும் பலிக்காது. தவிரவும், ஹார்டு டிஸ்க் பல சமயம் டக் டக்கென்று ஒலியெழுப்பி எச்சரிக்கும், எஸ்.எஸ்.டி. முன்னறிவிப்பே இல்லாமல் மறைந்துவிடக்கூடும். அந்த ஒலி கேட்டபின் ஹார்டு டிஸ்க்கை மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்ப்பதும், மூடியைத் திறப்பதும் கூடாது. தட்டுக்கும் படிக்கும் முனைக்கும் இடையே சில நானோமீட்டர் இடைவெளிதான் உண்டு. பஞ்சுத் தூசி பறக்கும் ஊரில் அதைத் திறந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

அடுத்தது, எழுதிப் பெட்டியில் பூட்டிவிட்டால் போதும் என்ற எண்ணம். 1980களில் தோஷிபாவில் புஜியோ மசுவோகா உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகமே பென்டிரைவிலும் எஸ்.எஸ்.டி.யிலும் உள்ளது. சிறைப்பட்ட மின்னூட்டமே அதில் தகவல் என்பதால், பலமுறை எழுதித் தேய்ந்த ஃபிளாஷ் வெப்பத்தில் விரைவாக மறதிக்கு ஆளாகும். கல்யாண ஆல்பம் உள்ள டி.வி.டி.யின் சாயமும் வெயில் பட்டால் மங்கும். சாதனம் கெடாவிட்டாலும் அதைப் படிக்கும் கருவி இல்லாமல் போகலாம்: பழைய எம்பிராய்டரி இயந்திரங்களுக்கு டிசைன் கொண்டுபோன 1.44 எம்.பி. பிளாப்பியைச் செருகுவதற்கு இன்றைய மடிக்கணினியில் இடமே இல்லை.

வாங்கும்போது, 1 டி.பி. வட்டு விண்டோஸில் 931 ஜி.பி. என்று காட்டினால் ஏமாற்றமில்லை, கணக்கிடும் முறைதான் வேறு. ஆனால் சில நூறு ரூபாய்க்கு 2 டி.பி. பென்டிரைவ் என்றால் அது போலியே.

நகல் எடுப்பதில் நடக்கும் தவறுதான் எல்லாவற்றிலும் விலை மிக்கது. சி டிரைவில் உள்ளதை டி டிரைவில் போட்டுவைப்பது நகலாகாது. இரண்டும் பெரும்பாலும் ஒரே வட்டின் பகுதிகள். இரு வட்டுகளில் ஒரே நேரத்தில் எழுதும் ரெய்டு அமைப்பும் வட்டுப் பழுதிலிருந்து காக்குமே தவிர, தவறி அழித்ததையும் பணம் பறிக்கக் கோப்புகளைப் பூட்டும் ரான்சம்வேர் என்னும் தீநிரல் பூட்டியதையும் அப்படியே இரண்டிலும் எழுதிவிடும். மூன்று பிரதிகள், இரு வகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில் என்பதே நடைமுறையில் நிலைபெற்ற விதி. கம்பெனி திருப்பூரில் இருந்தால் ஒரு பிரதி அவிநாசியில் உள்ள வீட்டில் இருக்கட்டும், அதுவும் கணினியோடு இணைக்கப்படாமல். அந்தப் பிரதியை ஆண்டுக்கு ஒருமுறையேனும் வேறொரு கணினியில் திறந்து, கடந்த ஆண்டின் கணக்கு முழுதாக வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.