டர்பனில் 'ஜஸ்ட் நவ்' என்றால் எப்போது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதிக்குக் குடிவந்த புதிதில், குழாய் ரிப்பேர்க்காரர் போனில் 'ஐ வில் கம் ஜஸ்ட் நவ்' என்றார். உடனே டீ போட்டு வைத்தேன். டீ ஆறியது, ஆள் வந்தது மறுநாள். நம்மூரில் 'ஜஸ்ட் நவ்' என்றால் 'இப்போதே'. தென்னாப்பிரிக்காவில் 'அப்புறம் பார்க்கலாம்'. 'நவ் நவ்' என்றால் கொஞ்சம் நம்பலாம். அவசரமா? எத்தனை மணிக்கு என்று கேட்டுவிடுங்கள்.

'ஷேம்' என்றால் கோபிக்காதீர்கள். காய்ச்சல் என்றாலும் 'ஷேம்', குழந்தை சிரித்தாலும் 'ஷேம்'. 'ஐயோ பாவம்', 'அட செல்லமே' இரண்டுக்கும் அதுதான். பக்கத்து வீட்டு ஆன்ட்டி என் மகளைப் பார்த்து அப்படிச் சொன்னதும், சட்டையில் கறையா என்று தேடினேன்!

அப்புறம், 'ரோபாட்டில் இடப்பக்கம் திரும்பு' என்பார்கள். சிக்னல் விளக்கைத்தான் சொல்கிறார்கள்.