தொட்டில், பூனை, வெள்ளம்: தாளவாத்தியக் குழுவுக்கு முதல் இசைக்கோவை எழுதுவது எப்படி?

1421 நவம்பர் 18 இரவு. வடகடலில் எழுந்த புயல் நெதர்லாந்தின் தென்மேற்கில் கரைகளை உடைத்துக்கொண்டு புகுந்தது. மறுநாள் புனித எலிசபெத் திருநாள் என்பதால் அந்தப் புனிதரின் பெயரே வெள்ளத்துக்கும் நிலைத்துவிட்டது. இதுவரை வரலாறு. இனி நாட்டுப்புறக் கதை: புயல் ஓய்ந்ததும் ஒரு மரத்தொட்டில் மிதந்து வருவதை ஊரார் பார்க்கிறார்கள். தொட்டில் ஒரு பக்கம் சாயும்போதெல்லாம் அதன் மேல் இருக்கும் பூனை மறுபக்கம் தாவுகிறது. கரை ஒதுங்கிய தொட்டிலுக்குள் குழந்தை நனையாமல் தூங்கிக்கொண்டிருக்கிறது. ரோட்டர்டாமுக்குப் பக்கத்தில் உள்ள கிண்டர்டெய்க் (டச்சு மொழியில் ‘குழந்தைக் கரை’) என்ற ஊருக்குப் பெயர் வந்ததே இதனால்தான் என்பார்கள்.

இந்தக் கதைக்குத் தனியாகத் தாளம் தேட வேண்டியதில்லை. சாய்வு, தாவல், சாய்வு, தாவல். அதைத் தாளில் இறக்குவதுதான் நம் வேலை.

1. ஆட்களும் கருவிகளும்

ஐந்து பேர் போதும். ஒருவருக்கு மாரிம்பா (வரிசையாக அடுக்கிய மரப்பட்டைகளைத் தட்டி வாசிக்கும் கருவி), ஒருவருக்கு பேஸ் டிரம் (ஆழ்ந்த ஒலி தரும் பெரிய முரசு). மூன்றாமவர் டாம்-டாம்களையும் (சிறிய முரசுகள்) சஸ்பெண்டட் சிம்பலையும் (தாங்கியில் பொருத்திய உலோகத் தட்டு) பார்த்துக்கொள்வார். மற்ற இருவருக்கும் ஆளுக்கொரு வுட் பிளாக், அதாவது தட்டினால் ‘டக்’ என்று ஒலிக்கும் மரக்கட்டை. இந்த இரண்டும்தான் பூனை. ஒருவரை மேடையின் இடது கோடியிலும் இன்னொருவரை வலது கோடியிலும் நிறுத்துங்கள். ஒரே ஆளிடம் இரண்டையும் கொடுத்தால் தாவல் காதில் விழாது.

காற்றாலைச் சத்தம் சேர்க்க ஆசை வரும். கிண்டர்டெய்க் என்றாலே எல்லோருக்கும் 1997இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அந்த 19 காற்றாலைகள்தான் நினைவுக்கு வரும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை 1740ஐ ஒட்டிக் கட்டப்பட்டவை. வெள்ளத்துக்கு முந்நூறு ஆண்டு பிந்தியவை. நான் சேர்க்க மாட்டேன்.

2. தொட்டிலை ஆட்டுங்கள்

எட்டில் ஆறு தாளம் (6/8), அதாவது ‘தகிட தகிட’. விநாடிக்கு ஒரு ‘தகிட’ என்ற வேகம் வைத்தால் ஒரு பார், அதாவது தாளத்தின் ஒரு சுற்று, இரண்டு விநாடி. மாரிம்பாவின் கீழ்ப்பகுதியில் டி-ஏ-ஏ, எஃப்-ஏ-ஏ (D, F, A என்ற சுரங்கள்) என்று திரும்பத் திரும்ப வாசிக்கட்டும். டி விழும்போது தொட்டில் இடப்பக்கம் சாய்கிறது, எஃப் விழும்போது வலப்பக்கம். நூல் சுற்றிய மென்மையான மேலட் (தட்டும் குச்சி) போதும். முதல் 12 பார் இது மட்டும்தான்.

3. வெள்ளம்

அடுத்த 20 பார். தொடக்கநிலையில் பலரும் இங்கேதான் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். பேஸ் டிரம்மில் காதுக்கு எட்டியும் எட்டாத ஒரு ரோல் (இடைவிடாமல் வேகமாக அடிக்கும் தொடர் ஒலி) தொடங்கி, 16 பாரில் மெதுவாக ஏறட்டும். குச்சியில் செருகிய ரப்பர் பந்தை அதே தோலின் மேல் அழுத்தித் தேய்த்தால் நீண்ட முனகல் கிடைக்கும். கரை விரிசல் விடுவதற்கு அதைவிடப் பொருத்தமான ஒலி இல்லை. ரோல் போடும் கை ஓயாது என்பதால் தேய்ப்பதை ஒரு வுட் பிளாக் கலைஞரிடம் கொடுங்கள், பூனைக்கு இன்னும் வேலை வரவில்லை. கடைசி 4 பாரில் டாம்-டாம்களும் சிம்பல் ரோலும் சேர்ந்து உச்சம் தொடும். அதன் கடைசி அடியில் எல்லோரும் சட்டென்று நிறுத்த வேண்டும். சிம்பலைக் கையால் பிடித்து அடக்குங்கள். ரோலை எழுதுவது எளிது: சுரக்குறியின் தண்டில் மூன்று சாய்கோடுகள்.

4. பூனை வருகிறது

இனி 32 பார். இதுதான் இசைக்கோவையின் உயிர், நேரத்தை இங்கே செலவிடுங்கள்.

மாரிம்பா தொட்டிலை மறுபடி ஆட்டத் தொடங்குகிறது. பூனை அதனுடன் சேர்ந்து அடிக்கக் கூடாது. தொட்டில் சாய்ந்த பிறகுதானே அது தாவும்? ஆகவே இடப்பக்கம் சாயும் முதல் ‘தகிட’வில், ‘ட’ விழும் இடத்தில் வலது வுட் பிளாக். இரண்டாவது ‘தகிட’வின் ‘ட’வில் இடது வுட் பிளாக். இந்தச் சின்னத் தாமதம்தான் பூனைக்கு உயிர் கொடுக்கிறது.

அப்புறம் தொட்டிலைக் கொஞ்சம் தடுமாற விடுங்கள். 8, 13, 17, 20, 22ஆவது பார்களை மட்டும் எட்டில் ஐந்தாக, ‘தகிட தக’ என்று எழுதுங்கள். மாரிம்பா அங்கே கடைசி ஏ-யை விட்டுவிடும். இரண்டாம் பாதியில் ‘ட’ இல்லாததால் இடது வுட் பிளாக் ‘தக’வின் ‘க’வில் விழ வேண்டியிருக்கும். அடுத்த சாய்வு ஒரு எண்ணிக்கை முன்னதாகவே வந்துவிடுகிறது, பூனைக்கு மூச்சுவிட நேரமில்லை. தடுமாற்றங்களுக்கு இடையிலான தூரம் 5, 4, 3, 2 என்று குறைவதைக் கவனியுங்கள். 22ஆவது பாரைத் தாண்டிவிட்டால் கடைசி 10 பாரும் சீராக ஓடும்.

பின்னணியில் பேஸ் டிரம் அலையாக ஏறி இறங்கலாம். எவ்வளவு ஏறினாலும் வுட் பிளாக்கை மூழ்கடிக்கக் கூடாது. மூழ்கினால் கதையே முடிந்தது!

5. கரை

எட்டே பார். மாரிம்பா வேகம் குறைந்து டி-யில் மட்டும் நிற்கும். தொட்டில் ஆடவில்லை என்றால் பூனைக்கும் வேலை இல்லை. மொத்தம் 72 பார், கிட்டத்தட்ட 2 நிமிடம் 20 விநாடி. முடிவில் வேகம் குறைப்பதால் சில விநாடிகள் கூடலாம்.

6. எழுதுவதும் ஒத்திகையும்

இசைக்குறி எழுத உதவும் மியூஸ்ஸ்கோர் மென்பொருள் இலவசம். ஒவ்வொரு கருவியின் ஒலியையும் தனித்தனியாகச் சரிசெய்யும் அதன் மிக்சரில் ஒரு வுட் பிளாக்கை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் தள்ளிவிட்டு, ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள்.

முதல் ஒத்திகையில் கருவியைத் தொட வேண்டாம். நான்காம் பகுதியை ஐவரும் கைதட்டி, ‘தகிட தகிட, தகிட தக’ என்று வாயால் சொல்லிப் பழகட்டும். மேடைக்குப் போனதும் வுட் பிளாக் வாசிக்கும் இருவரும் ஒருவரையொருவர் பார்க்க முடிகிறதா என்று சரிபாருங்கள். தூரத்தில் நிற்பவர் காதை மட்டும் நம்பினால் பின்தங்கிவிடுவார். மாரிம்பா கலைஞரின் கையைப் பார்த்து அடிக்கச் சொல்லுங்கள்.