திருகோணமலையில் ஸ்டூடியோ கட்டப் போகிறீர்களா? தரையைக் காலியாக விடுங்கள்

காலையில் பாஸ்போட் படம், மத்தியானம் பிறந்தநாள் பிள்ளை, பின்னேரம் குறும்படத்துக்கு ஒரு வீட்டு அறை. திருகோணமலையில் ஒரே வகை வேலையை நம்பி ஸ்டூடியோ நடத்த ஏலாது. அதனால் நிரந்தரமானவை கூரையிலும் சுவரிலும் இருக்கட்டும். தரையில் எதையும் கட்டாதீர்கள்.

படி 1: அளவு
ஃபுல் ஃப்ரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சர் உள்ள) கமெராவில் 85 மி.மீ. லென்ஸ் போட்டு, கமெராவை நெடுக்காகப் பிடித்து, நிற்கும் ஒருவரை முழுதாக எடுக்கக் கிட்டத்தட்ட 17 அடி தள்ளி நிற்கவேண்டும். பின்திரையில் நிழல் விழாமலிருக்க அவருக்குப் பின்னால் 6 அடி, உங்கள் முதுகுக்குப் பின்னால் 4 அடி. சரி, நீளம் 30 அடி என்று வையுங்கள். அகலம் 20, உயரம் 14. காணி சிறிதென்றால் அகலத்தைக் குறையுங்கள், உயரத்தைத் தொடாதீர்கள். சீலிங் தாழ்ந்தால் தலைக்கு மேல் கட்டும் லைட் ஃப்ரேமுக்குள் எட்டிப் பார்க்கும்.

படி 2: ஜன்னல்
வடக்கு ஜன்னலில் நேர்வெயில் விழாது என்பது ஐரோப்பாவுக்குப் பொருந்தும். நாங்கள் இருப்பது எட்டரைப் பாகை வட அகலாங்கில். ஏப்ரல் நடுவிலிருந்து ஓகஸ்ட் கடைசிவரை உச்சிச் சூரியன் எங்களுக்கு வடக்கே சாய்ந்து நிற்கும். ஜூனில் அந்தச் சாய்வு 15 பாகை. வடக்கிலேயே ஜன்னல் வையுங்கள், ஆனால் 3 அடி தாவாரம் இறக்குங்கள். காலை, மாலைச் சாய்வெயிலுக்கு உள்ளே இரண்டு தண்டவாளம்: ஒன்றில் மெல்லிய வெள்ளைத் திரை, மற்றதில் தடித்த கறுப்பு.

படி 3: மேலே குழாய்
ஒன்றரை அங்குல ஜி.ஐ. (சிங்க் பூசிய இரும்பு) குழாய்களை 12 அடி உயரத்தில், 4 அடிக்கு ஒன்றாகக் குறுக்கே போடுங்கள். அதன் வெளிவிட்டம் 48 மி.மீ. சொச்சம், லைட் கிளாம்ப் கச்சிதமாகப் பிடிக்கும். பாரக் கணக்கை மேசனிடம் விடாமல் பொறியியலாளரிடம் கேளுங்கள். உப்புக்காற்றில் முதலில் துருப்பிடிப்பது வெட்டிய முனைதான், அங்கே சிங்க் பெயின்ற் அடியுங்கள்.

படி 4: சில்லுச் சுவர்
எட்டுக்கு நாலு அடி பிளைவுட், ஒருபக்கம் வெள்ளை, மறுபக்கம் கறுப்பு, அடியில் பிரேக் உள்ள சில்லு. இரண்டைப் பிணைச்சலால் இணைத்தால் வெளிச்சத்தைத் திருப்பலாம், மறிக்கலாம். நாலைந்து சேர்ந்தால் குறும்படத்துக்கு ஓர் அறையே வந்துவிடும்.

படி 5: சத்தமும் கரண்டும்
மாரியில் தகரக் கூரைக்குக் கீழே வசனம் பதிவது வீண் வேலை. கூரைக்குக் கீழே ரொக்வூல் (சத்தத்தை உறிஞ்சும் கல்நார்ப் பஞ்சு அல்ல, கல்லை உருக்கி இழுத்த கம்பளி), அதற்கும் கீழே இரட்டை ஜிப்சம் பலகை. ஏசிக்குத் தனி பிரேக்கர் வையுங்கள், டேக் எடுக்கும்போது நிறுத்தலாம்.

அப்புறம் வாசல். 7 அடி அகலத்தில் இரட்டைக் கதவு போடுங்கள். மணவறையும் உள்ளே வரும், விளம்பரத்துக்கு ஓட்டோவும் வரும்.