கிளாஸ் 4 டெஸ்டுக்கு லாரி பழகுவது: கண் பின் சக்கரத்தில் இருக்கட்டும்

லாரி டெஸ்டுக்கு வருபவர்கள் யாரும் புதிதாக ஸ்டீயரிங் பிடிப்பவர்கள் அல்ல. சிங்கப்பூரில் கிளாஸ் 4, அதாவது கனரக லாரி லைசென்ஸுக்குப் பழக 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், கார் ஓட்டும் கிளாஸ் 3 லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும். அதனால் எல்லோரும் கார் ஓட்டிய கையோடுதான் வருகிறார்கள். தடுமாறுவதும் அந்தக் கையால்தான். காரில் ஏறக்குறைய முன் சக்கரம் போன வழியிலேயே பின் சக்கரமும் வந்துவிடும், அதை யாரும் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. லாரியில் பின் சக்கரம் தனி வழி போகும். அந்த வழியைக் கண்ணாடியில் பார்த்து ஓட்டக் கற்றுக்கொண்டால் டெஸ்டில் முக்கால் பங்கு முடிந்த மாதிரி.

முதலில் உங்களுக்கு கிளாஸ் 4 தேவைதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சரக்கில்லாத எடை 2,500 கிலோவுக்குள் இருக்கும் லாரியை கிளாஸ் 3 லைசென்ஸிலேயே ஓட்டலாம். சரக்குத் தட்டு 10 அடி நீளமுள்ள லாரிக்கு இது போதும். 24 அடி லாரிக்கு கட்டாயம் கிளாஸ் 4 வேண்டும். சிக்கல் நடுவில் இருக்கும் 14 அடியில்தான். ஒரே மாடல் லாரியில் கிரேனோ, பின்னால் ஏறி இறங்கும் டெயில்கேட்டோ பொருத்தினால் எடை 2,500 கிலோவைத் தாண்டிவிடும். லாரியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் யூஎல்டபிள்யூ (சரக்கில்லாத எடை) எண்ணைப் படித்துவிட்டுச் சாவியை வாங்குங்கள். முதலாளி "14 அடிதான் தம்பி, ஓட்டலாம்" என்று சொல்வதை நம்பி ஏறி மாட்டிக்கொண்டால் பதில் சொல்ல வேண்டியவர் ஓட்டுநர்.

ஏறுவதற்கு முன்

வண்டியை ஒருமுறை சுற்றி வாருங்கள். இரட்டை டயர்களுக்கு நடுவே கல் சிக்கியிருக்கிறதா, சக்கர நட்டைச் சுற்றித் துருக்கோடு வழிந்திருக்கிறதா, கீழே எண்ணெய் சொட்டியிருக்கிறதா, விளக்குகள் எரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். துருக்கோடு தெரிந்தால் அந்த நட்டு தளர்ந்திருக்கலாம். இரட்டை டயரில் உள்பக்க டயர் காற்றிறங்கியிருப்பது வெளியிலிருந்து தெரியாது, வெளிப்பக்க டயரே பாரத்தைத் தாங்கி நிற்கும். குனிந்து பார்த்தால்தான் பிடிபடும். கேபினைச் சாய்த்துத் திறக்கும் வண்டி என்றால் அதன் பூட்டு சரியாக விழுந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

ஏர் பிரேக் லாரியில் இன்ஜினைப் போட்டதும் நகர்த்தக் கூடாது. காற்றழுத்த முள் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். ஏறக்குறைய 5 பாருக்கு (பார் என்பது காற்றழுத்த அலகு) கீழே இருக்கும்போது எச்சரிக்கை விளக்கு எரியும், பஸர் கத்தும். நிறைந்த அழுத்தம் வண்டிக்கு வண்டி மாறும், பொதுவாக 7 முதல் 10 பாருக்குள் இருக்கும். ஸ்பிரிங் பிரேக் (காற்று இல்லாதபோது ஸ்பிரிங்கே பிடித்து நிறுத்தும் பிரேக்) உள்ள வண்டியில் அழுத்தம் போதாவிட்டால் பார்க்கிங் பிரேக் விடுபடவே செய்யாது. அது பழுதில்லை, பாதுகாப்புக்காகச் செய்த அமைப்பு. ஆக்சிலரேட்டரை மிதித்து இழுத்துப் பார்த்தால் கிளட்ச்தான் தீயும்.

நம் ஊர் ஈரக்காற்றில் காற்றுத் தொட்டியில் தண்ணீர் சேரும். வேலைக்குப் போன பிறகு அந்தத் தண்ணீரை வடிப்பது உங்கள் அன்றாட வேலையாகிவிடும். தொட்டியின் அடியில் வால்வு எங்கே இருக்கிறது என்று ஓட்டுநர் பள்ளியிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிகளை இருக்கையைச் சரிசெய்த பிறகுதான் சரிசெய்ய வேண்டும். பெரிய கண்ணாடியின் உள்விளிம்பில் லாரியின் உடல் ஐந்தில் ஒரு பங்கு தெரிந்தால் போதும், மீதி சாலைக்கு. பின் சக்கரம் தரையைத் தொடும் இடம் இரண்டு பக்கமும் கட்டாயம் தெரிய வேண்டும். அது தெரியாமல் சர்க்யூட்டுக்குள் (பள்ளியின் பயிற்சித் தளத்துக்குள்) நுழைவது வீண். குவிந்த கண்ணாடியில் எல்லாம் தூரமாகத் தெரியும், அதை வைத்து இடைவெளியை அளக்காதீர்கள். இடது பக்கம் கீழ்நோக்கி இருக்கும் சிறு கண்ணாடியை நிறையப் பேர் தொடுவதே இல்லை. கேபினுக்கு ஒட்டி வந்து நிற்கும் சைக்கிளைக் காட்டுவது அது ஒன்றுதான்.

பின் சக்கரத்தின் கணக்கு

ஒரு வளைவில் வெளிப்பக்க முன் சக்கரம் 10 மீட்டர் ஆரத்தில் திரும்புகிறது என்று வையுங்கள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.6 மீட்டர் உள்ள காரில், அதே பக்கத்துப் பின் சக்கரம் ஏறக்குறைய 0.3 மீட்டர் உள்ளே வரும். அந்த இடைவெளி 5 மீட்டர் உள்ள லாரியில் அது 1.3 மீட்டர் உள்ளே வந்துவிடும். பத்தின் வர்க்கத்திலிருந்து ஐந்தின் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் 8.66. பத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம்தான் கெர்பின் (சாலையோர விளிம்புக் கல்லின்) மேல் ஏறும் அந்த 1.3 மீட்டர். இடைவெளி இரண்டு மடங்கானால் உள்வெட்டு ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. 14 அடியில் பழகிய கை 24 அடியில் ஏன் ஏமாறுகிறது என்பதற்கு இதுதான் காரணம்.

இன்னொன்று உங்கள் இருக்கை. மூக்கில்லாத கேபினில் நீங்கள் முன் சக்கரத்துக்கு மேலேயோ அதற்குச் சற்று முன்னாலோ உட்கார்ந்திருக்கிறீர்கள். காரில் சக்கரம் உங்கள் காலுக்கு முன்னால் இருந்தது. அதனால் 'இங்கே திருப்பலாம்' என்று கை சொல்லும் இடம் லாரிக்குச் சீக்கிரம். உங்கள் உடல் மூலையைத் தாண்டிய பிறகு திருப்புங்கள். ஆரம்பத்தில் எதிர்க் கெர்பில் மோதப்போவது போல நெஞ்சு அடித்துக்கொள்ளும். மோதாது, பம்பர்தான் கெர்புக்கு மேலே நீண்டிருக்கும், சக்கரம் இன்னும் பின்னால் இருக்கிறது. ஆனால் கெர்புக்கு மேல் கம்பமோ கோனோ இருந்தால் பம்பரின் மூலை அதைத் தட்டும், அதையும் கணக்கில் வையுங்கள்.

ஸ்டீயரிங்கை வலது பக்கம் முழுதாக ஒடிக்கும்போது பின் அச்சுக்குப் பின்னால் நீண்டிருக்கும் உடல் இடது பக்கமாக வெளியே வீசும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது இது அதிகம். பக்கத்து லேனில் மோட்டார் சைக்கிள் நிற்கும்போது இப்படித்தான் இடிபடுகிறது. எதிர்ப்பக்கக் கண்ணாடியை ஒரு கணம் பார்த்துவிட்டு ஒடியுங்கள்.

சர்க்யூட்டில்

எஸ் வளைவிலும் கிராங்கிலும் (செங்கோணத் திருப்பங்கள் உள்ள குறுகிய பாதையிலும்) முதல் கியரில் கிளட்சை முழுதாக விட்டு ஊர்ந்து போங்கள். டீசல் இன்ஜின் ஐடிலிலேயே வண்டியை இழுத்துக்கொண்டு போகும். கிளட்சை அமுக்கிக்கொண்டே உருள விட்டால் வேகம் உங்கள் கையில் இல்லை, அதற்கும் தவறுப் புள்ளி விழும். எஸ் வளைவில் முன் சக்கரம் வெளிப்பக்க விளிம்பை ஒட்டியே போகட்டும், கண் உள்பக்கக் கண்ணாடியில் இருக்கட்டும். வளைவு மாறும் இடத்தில் உள்பக்கமும் மாறிவிடுகிறது, அதனால் கண்ணாடியும் மாற வேண்டும். பழைய கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருப்பதுதான் இரண்டாவது பாதியில் கெர்ப் உரசுவதற்கு முக்கியக் காரணம்.

கிராங்கில் மெதுவாக நேரே போய், உங்கள் தோள் மூலையைத் தாண்டிய பின் சட்டென்று ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடியுங்கள். உள்பக்கப் பின் சக்கரத்துக்கும் மூலைக்கும் இடையே பகல் வெளிச்சம் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். அது குறைகிறது என்றால் நின்றுவிடுங்கள். நின்று யோசிப்பதில் விழும் தவறுப் புள்ளி குறைவு. கெர்பை உரசினால் 10 புள்ளி. ஏறிவிட்டால் அங்கேயே தோல்வி. மொத்தம் 18 புள்ளிக்குள் இருந்தால்தான் பாஸ், ஆகவே ஓர் உரசல் பாதிக்கு மேல் தின்றுவிடும்.

ரிவர்ஸ் பார்க்கிங்கில் 'இந்தக் கம்பம் ஜன்னலின் மூலைக்கு வந்ததும் இரண்டு சுற்று' என்று குறி வைத்துப் பழக்கும் வழக்கம் உண்டு. பள்ளி வண்டி மாறினாலோ, இருக்கை ஓர் அங்குலம் பின்னால் போனாலோ அந்தக் குறி செத்துவிடும். இப்படிச் செய்யுங்கள்: கட்டத்தைத் தாண்டி நிறுத்தி, நேராகப் பின்னால் வாருங்கள். வலது பக்கக் கட்டம் என்றால் வலது கண்ணாடியில் பின் சக்கரத்தையும் கட்டத்தின் அருகிலிருக்கும் மூலையையும் சேர்த்துப் பாருங்கள். வண்டி நகர ஆரம்பித்த பிறகு ஸ்டீயரிங்கை ஒடியுங்கள், நின்ற இடத்தில் ஒடித்தால் டயர் தேயும், கையும் வலிக்கும். பின் சக்கரம் அந்த மூலையை அரை மீட்டர் இடைவெளியில் கடக்க வேண்டும். இடைவெளி சுருங்கினால் கொஞ்சம் நேராக்குங்கள், விரிந்தால் இன்னும் ஒடியுங்கள். பின் சக்கரம் மூலையைக் கடந்ததும் கண் இடது கண்ணாடிக்குப் போக வேண்டும், ஏனென்றால் அந்தப் பக்கம் முன் மூலை இப்போது வெளியே வீசிக்கொண்டிருக்கும். லாரியின் உடல் இரண்டு கோடுகளுக்கும் இணையாக வருவதற்குச் சற்று முன்பே ஸ்டீயரிங்கைத் திருப்பி எடுக்கத் தொடங்குங்கள். இணையான பிறகு எடுத்தால் வண்டி மறுபக்கம் சாய்ந்து நிற்கும். பின் எல்லையை சக்கரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், சக்கரத்துக்குப் பின்னால் இன்னும் உடல் இருக்கிறது.

ஏற்றத்தில் பார்க்கிங் பிரேக்கை விட்ட கணமே வண்டி விடுபடாது. காற்று நிறைந்து ஸ்பிரிங்கை அமுக்க ஒரு நொடி போகும். கிளட்ச் பிடிக்கும் இடத்தில் இன்ஜின் சத்தம் கனத்து, கேபின் லேசாக அசையும். அங்கே காலை நிறுத்தி, பிரேக்கை விட்டு, வண்டி நகர்ந்த பிறகு கிளட்சைத் தளர்த்துங்கள். அவசரப்பட்டு கிளட்சை முதலிலேயே விட்டால் இன்ஜின் அணைந்துவிடும். காலியான லாரியைச் சமதளத்தில் இரண்டாவது கியரில் கிளப்பலாம், ஏற்றத்தில் முதல் கியர்தான்.

சாலையில்

ஏர் பிரேக் பெடலைக் கார் பெடல் போல மிதித்தால் டெஸ்டர் முன்கண்ணாடியில் முட்டுவார். சீக்கிரமே தொட்டு, ஒரே அழுத்தத்தில் பிடித்து, நிற்பதற்குச் சற்று முன் தளர்த்துங்கள். திரும்பத் திரும்ப மிதித்து விட்டால் காற்று வீணாகும், முள் இறங்குவதை நீங்களே பார்க்கலாம். மழையில் காலி லாரியின் பின்பக்கம் எடையில்லாமல் இருக்கும். அப்போது எக்ஸாஸ்ட் பிரேக் (இன்ஜின் புகைவழியை அடைத்து வேகம் குறைக்கும் பிரேக்) போட்டால் பின் சக்கரம் வழுக்கக்கூடும், அணைத்து வையுங்கள். முன் வண்டிக்கும் உங்களுக்கும் நான்கு நொடி இடைவெளி இருக்கட்டும்.

இடது திருப்பத்துக்கு முன் வலது பக்கம் வீசி எடுப்பது பழைய பழக்கம். அப்படி வீசினால் இடது பக்கம் ஒரு மோட்டார் சைக்கிள் நுழையும் அளவுக்கு இடம் திறந்துவிடும், நுழையவும் செய்வார்கள். கெர்பிலிருந்து ஒரு மீட்டர் போல விட்டு லேனுக்குள்ளேயே நின்று, தாமதமாகத் திருப்புங்கள். ஸ்லிப் ரோட்டில் (சந்திப்புக்கு முன்பே இடது பக்கம் பிரியும் பாதையில்) வரிக்குதிரைக் கடப்பு இருக்கும், அங்கே ஆள் பார்த்து நிற்கும்போது பின் சக்கரம் ஏற்கெனவே வளைவில் இருக்கும். கிளம்பும் முன் இடது கண்ணாடியை மறுபடி பாருங்கள்.

சாதாரண பேருந்துத் தடம் திங்கள் முதல் வெள்ளிவரை காலை 6.30 முதல் 9.30, மாலை 5 முதல் 8 மணிவரை. முழுநாள் தடம் திங்கள் முதல் சனிவரை காலை 7.30 முதல் இரவு 11 மணிவரை. அந்த நேரத்தில் லாரிக்கு அங்கே வேலையில்லை, நேரம் முடிந்ததும் இடது லேனுக்குத் திரும்புங்கள். முதியோர் நடமாடும் சில்வர் ஸோனில் வேக வரம்பு குறைவு, 40 அல்லது 30. பலகையைப் படியுங்கள்.

இடது ஓரத்தில் தூங்குமூஞ்சி மரக் கிளை தாழ்ந்திருந்தால் பெட்டி லாரியின் மேல்மூலை அதில் உரசும், கண்ணாடி பார்த்து சற்று வலது பக்கம் தள்ளிப் போங்கள். சரக்கோடு சேர்த்து உயரம் 4.5 மீட்டரைத் தாண்டும் வண்டி அனுமதியில்லாமல் சாலைக்கே வரக் கூடாது. விரைவுச்சாலையில் 3,500 கிலோவுக்கு மேல் மொத்த எடை உள்ள லாரிக்கு 60 கிலோமீட்டர்தான், பின்னால் ஒட்டியிருக்கும் வட்டமும் அதைத்தான் சொல்கிறது. 12,000 கிலோவுக்கு மேற்பட்ட லாரிகளில் வேகக் கட்டுப்படுத்தி ஏற்கெனவே கட்டாயம், 3,501 முதல் 12,000 கிலோ வரையிலான லாரிகளுக்கும் 2027க்குள் படிப்படியாக வந்துவிடும்.

டெஸ்டர் பேசுவது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். 'டர்ன் ரைட் அட் த நெக்ஸ்ட் ஜங்ஷன்', 'மேக் எ யூ-டர்ன்', 'ஸ்டாப் பிஹைண்ட் த லைன்' போன்றவை காதில் விழுந்ததும் கை தானாகச் சிக்னலுக்குப் போக வேண்டும். புரியாவிட்டால் 'ரிப்பீட் ப்ளீஸ்' என்று கேட்பதற்குத் தவறுப் புள்ளி கிடையாது. தப்பான லேனுக்குப் போய்விட்டால் அந்த லேன் போகும் வழியிலேயே போங்கள், கடைசி நேரத்தில் குறுக்கே வெட்டுவதுதான் ஆளைத் தோற்கடிக்கும்.

பிடிஎல்லின் (பழகுநர் லைசென்ஸின்) தேதியை டெஸ்டுக்கு ஒரு வாரம் முன்பே பாருங்கள். அது இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும்.

திரும்பி வந்து நிறுத்தும்போது நியூட்ரல், பார்க்கிங் பிரேக், அதன் பிறகு கால் பிரேக்கை விட்டு வண்டி நகரவில்லை என்று உறுதி செய்தல், கடைசியில்தான் சாவி. கதவைத் திறக்கும் முன் வலது கண்ணாடி. இறங்கும்போது முகம் கேபினைப் பார்த்தபடி, இரண்டு கையும் ஒரு காலும், அல்லது இரண்டு காலும் ஒரு கையும் எப்போதும் பிடியில் இருக்க, படிப்படியாக இறங்குங்கள், குதிக்காதீர்கள்.